நிறுவுதிறன் இரண்டு மடங்கு இருக்கிறது, கோடை இரவில் கரண்ட் ஏன் நிலைப்பதில்லை?

தெருவிளக்கு

வணக்கம். மின் துறையில் வேலை பார்ப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2023 ஏப்ரல் 20-இல் 19,387 மெகாவாட். 2024 மே 2-இல் அது 20,830. காற்றாலையின் நிறுவுதிறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய சக்தி 8,000-ஐத் தாண்டிவிட்டது. அனல், நீர், அணு, மத்திய மின் நிலையங்களில் நம் பங்கு, தனியார் ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்த்தால் தேவையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பிறகு ஏன் கோடை மாலைகளில் மின் சந்தையில் யூனிட் 10 ரூபாய்க்கு வாங்க வேண்டியிருக்கிறது?

இன்னொன்று. சென்னைப் புறநகரில் எங்கள் தெருவுக்கு ஒரு 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், அதில் 220 இணைப்புகள். ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும், பத்தரைக்கு ஒரு ஃபேஸ் போகும். கேட்டால் "லோடு அதிகம்" என்ற ஒரே பதில். மாநிலத்தில் இருக்கும் பற்றாக்குறையும் தெருவில் இருக்கும் பற்றாக்குறையும் ஒன்றுதானா? உடன்குடி போன்ற புதிய அனல் நிலையங்கள் வந்தால் இது சரியாகிவிடுமா?

மணி_பதினெட்டு

ஒன்று அல்ல. மாநில அளவில் இருப்பது நேரப் பிரச்சினை. உங்கள் தெருவில் இருப்பது கம்பிப் பிரச்சினை. நான் முதலாவதை மட்டும் சொல்கிறேன்.

நிறுவுதிறன் என்பது இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் பொறித்த எண். ஏப்ரல் கடைசியில், இரவு 9 மணிக்கு, அதில் எவ்வளவு உண்மையில் கம்பிக்கு வரும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சூரிய சக்தி பூஜ்யம். காற்று தென்மேற்குப் பருவத்தோடு வருவது. முப்பந்தல், செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் எல்லாம் மே பின்பகுதியில்தான் எழும்பும், செப்டம்பர் வரை ஓடும். ஏப்ரலில் அந்தப் பத்தாயிரத்தில் ஒரு சிறு பங்குகூட உறுதியாக நம்ப முடியாது. நீர்மின் நிலையங்கள் மொத்தம் சுமார் 2,300 மெகாவாட். ஆனால் கோடையில் அணைகள் கீழே கிடக்கும். குந்தாவிலும் பைக்காராவிலும் மிச்சமுள்ள தண்ணீரை மாலை நேரத்துக்கென்று எண்ணி எண்ணித்தான் திறப்பார்கள். மேட்டூரில் மின்சாரத்துக்காக அணையைத் திறக்க முடியாது. பாசனத்துக்குத் திறந்தால் மின்சாரம் வரும், அவ்வளவுதான்.

அனல்: தூத்துக்குடி 1,050, மேட்டூர் 840 + 600, வடசென்னை 630 + 1,200. இவை 4,320. 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த வடசென்னை மூன்றாம் நிலை 800. இதில் 210 மெகாவாட் அலகு ஒன்று தன் பம்புகள், மின்விசிறிகள், நிலக்கரி அரைக்கும் மில்கள் ஆகியவற்றுக்கே எட்டு ஒன்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும். 210 என்பது கம்பியில் 192தான். பாய்லர் டியூப்பில் ஓட்டை விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். உள்ளே ஆள் இறங்கும் அளவுக்குக் குளிர ஒரு நாள், வெட்டி வெல்டிங் வைத்துத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து மறுபடி தீ மூட்ட இன்னொரு நாள். அந்த 4,320 மெகாவாட்டும் முழுதாக ஓட ஒரு நாளைக்குச் சுமார் 72,000 டன் நிலக்கரி. ஒடிசாவின் தால்சரிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூருக்கு மறுபடி ரயில். இந்தச் சங்கிலியில் எங்கே இரண்டு நாள் தடங்கினாலும் அலகைக் குறைத்து ஓட்ட வேண்டிவரும். கூடங்குளத்தில் எரிபொருள் மாற்ற ஒரு அலகு நின்றால் நம் கணக்கில் ஒரே அடியில் 500 மெகாவாட்டுக்கு மேல் போகும்.

இப்போது தேவைப் பக்கம். 2024 ஏப்ரல் 30 அன்று ஒரே நாளில் 454.32 மில்லியன் யூனிட் செலவானது. அதை 24-ஆல் வகுத்தால் சராசரி 18,930 மெகாவாட். இரண்டு நாள் கழித்து வந்த சாதனை உச்சமே 20,830தான். சராசரியே உச்சத்தில் 91 சதவீதம்! பகலில் மட்டும் ஏறி இரவில் இறங்கும் தேவை அல்ல இது. ஏ.சி.க்கள் வந்தபின் இரவும் பகலைப் போலவே கனக்கிறது. பகலில் சூரியன் தாங்குகிறது, இரவில் தாங்க ஆளில்லை.

மாலை நாலு மணிக்கு 5,000 மெகாவாட் சூரிய சக்தி வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஆறரைக்கு அது பூஜ்யம். 150 நிமிடத்தில் 5,000 என்றால் நிமிடத்துக்கு 33 மெகாவாட் வேறெங்கிருந்தாவது ஏற வேண்டும், அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பிக்கும். அனல் அலகு நிமிடத்துக்கு அதன் திறனில் ஒரு சதவீதம் ஏறினால் நல்ல அலகு. அதுவும் மதியமே 55 சதவீதத்துக்கு இறக்கி உயிரோடு வைத்திருந்தால்தான். மதியம் முழுக்க நிறுத்திவிட்டால் மாலைக்கு எழுப்ப முடியாது. இதனால்தான் மதியம் சூரிய மின்சாரத்தை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள் என்ற கோபமும், மாலையில் ஏன் வாங்குகிறார்கள் என்ற கோபமும் ஒரே நாளில் வருகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சந்தை விலை: நாள் 15 நிமிடக் கூறுகளாக 96. ஒவ்வொரு கூறுக்கும் தனி விலை. முந்தைய நாளே ஏலம் கேட்க வேண்டும். விட்டுப்போனதை அரைமணிக்கு ஒருமுறை நடக்கும் நிகழ்நேரச் சந்தையில் பிடிக்கலாம், அது 2020 ஜூனில் தொடங்கியது. 10 ரூபாய் என்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த உச்சவரம்பு. கோடை மாலைக் கூறுகளில் நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் விலை அந்தக் கூரையில் முட்டி நிற்கும். கூரையில் முட்டினால் பணம் கொடுத்தாலும் கேட்ட அளவு கிடைக்காது, விகிதப்படி வெட்டித்தான் கொடுப்பார்கள். ஆகவே புத்திசாலித்தனம் சந்தையில் இல்லை, ஆறு மாதம் முன்பே செய்யும் பரிமாற்றத்தில் இருக்கிறது. நம் காற்றுக் காலத்தில் வட மாநிலங்களுக்குக் கொடுத்து, கோடையில் திரும்ப வாங்குவது. அங்கே உச்சம் ஜூன், ஜூலை. இங்கே ஏப்ரல், மே.

உடன்குடி 2 × 660 வந்தால் இரவுக் கணக்குக்கு நிச்சயம் உதவும். உங்கள் தெருவுக்கு ஒரு ஆம்பியர்கூட உதவாது. அதை விநியோகப் பக்கம் இருப்பவர்கள் சொல்லட்டும்.

ஃபீடர்_22

தெருக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். தெருவிளக்கு சார், பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் 433 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபேஸுக்கு 333 ஆம்பியர்தான் முழு லோடு. 11 கே.வி. பக்கத்தில் 13 ஆம்பியர். நினைவுக்கு: 63 கே.வி.ஏ. என்றால் 84, 100 என்றால் 133, 500 என்றால் 667.

220 வீட்டில் 170 ஏ.சி. என்று வைப்போம், புறநகரில் இது அதிகமில்லை. இரவு பத்தரைக்கு அதில் 65 சதவீதம் ஒரே நேரத்தில் ஓடும். அதாவது 110. ஒன்றுக்கு 1.6 கே.வி.ஏ. போட்டால் 176. மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி, தண்ணீர் மோட்டார் என்று வீட்டுக்கு 0.4 வீதம் 88. மொத்தம் 264. சராசரி 352 ஆம்பியர். ஆறு சதவீதம்தான் அதிகம், இதற்கெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் சாகாது.

சாவது வேறு காரணத்தால். 352 என்பது சராசரி. கிளிப்-ஆன் மீட்டர் போட்டுப் பார்த்தால் மூன்று ஃபேஸில் ஆர் 430, ஒய் 340, பி 285 என்றுதான் இருக்கும். புது வீட்டுக்கு இணைப்பு கொடுக்கும்போது ஏணி வைத்த பக்கம் எந்தக் கம்பி கைக்கு எட்டியதோ அதில் மாட்டியது, பத்து வருடத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். 430 என்பது முழு லோடில் 129 சதவீதம். ஆர் ஃபேஸ் ஃபியூஸ் போகும். மிச்ச இரண்டு ஃபேஸ் வீடுகளில் கரண்ட் இருக்கும். நீங்கள் சொன்ன "பத்தரைக்கு ஒரு ஃபேஸ் போகும்" இதுதான்.

அதே நேரம் இந்தச் சாய்வால் நியூட்ரலில் ஏறத்தாழ 127 ஆம்பியர் ஓடும். அந்த நியூட்ரல் போல்ட்டைப் பகலில் கீழிருந்தே பாருங்கள். அலுமினியக் கம்பியும் செம்பு ஸ்டடும் சேருமிடத்தில் பைமெட்டல் லக் (இரு உலோக இணைப்பு முனை) இல்லாமல் நேரடியாக முறுக்கியிருந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும், சுற்றிலும் பெயின்ட் பழுப்பாகிப் பொரிந்திருக்கும். அந்த இடம் சூடாகி ஒருநாள் விட்டுவிட்டால், ஒரு ஃபேஸ் வீட்டில் 170 வோல்ட், இன்னொரு ஃபேஸ் வீட்டில் 270 வோல்ட். விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள், உடனே மெயினை இறக்குங்கள். தெருவில் ஒரே இரவில் பத்து டிவி போவது பெரும்பாலும் இதனால்.

ஃபியூஸ் போட்ட இரண்டாவது நிமிடமே மறுபடி போவதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரணமாக எல்லா ஏ.சி.யும் ஒரே நொடியில் ஓடாது, ஒன்று ஓடும்போது இன்னொன்று கட்-ஆஃப் ஆகியிருக்கும். அரைமணி கரண்ட் இல்லாமல் எல்லா அறையும் சூடானபின் கொடுத்தால் 170-ம் ஒரே நேரத்தில் இழுக்கும். 65 சதவீதம் என்ற கணக்கு 100 ஆகிவிடும். கரண்ட் போனதும் எல்லோரும் ஏ.சி. ஸ்விட்சை அணைத்து, வந்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின்னாகப் போட்டால் அந்த இரவு ஃபியூஸ் நிற்கும். தெரு வாட்ஸ்அப் குழுவில் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொல்லை தாங்காமல் "தடிமனா போட்டுடுங்க" என்று வயர்மேனை நெருக்காதீர்கள். ஃபியூஸில் இரண்டு இழை கூடுதலாகச் சுற்றினால் ஃபியூஸ் நிற்கும், பதிலுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே காயில் (கம்பிச் சுருள்) வேகும். சுருளின் மிகச் சூடான இடத்தில் ஒவ்வொரு 6 டிகிரி ஏற்றத்துக்கும் உள்ளே இருக்கும் காகித இன்சுலேஷன் இரண்டு மடங்கு வேகமாக மூப்படையும். ஃபியூஸ் போனால் அரைமணி இருட்டு. டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்று கிடைத்து, கிரேன் வந்து, எண்ணெய் சோதித்து ஏற்ற ஒரு முழு நாள்.

உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். ஏழு நாள், இரவு 7 முதல் 12 வரை, அரைமணிக்கு ஒருமுறை மூன்று வீடுகளில் வோல்டேஜ் எழுதுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் அருகில், நடுவில், கடைசிக் கம்பத்தில். மூன்று ஃபேஸிலும். மதியம் 1 மணிக்கும் ஒருமுறை. கம்பி எங்கே மெலிகிறது என்று கம்ப எண்ணோடு குறியுங்கள்.

தெருவிளக்கு

மிக்க நன்றி. ஏழு நாளும் எழுதிவிட்டோம். இரவு 10 மணி அளவுகளின் சராசரி:

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீடு: ஆர் 228, ஒய் 233, பி 236.
கடைசிக் கம்பம்: ஆர் 196, ஒய் 219, பி 229.

மதியம் 1 மணிக்குக் கடைசிக் கம்பத்தில் மூன்றும் 240-ஐ ஒட்டி. அங்கே நாலு வீட்டில் கூரை சோலார் இருக்கிறது. ஆறாவது கம்பத்துக்கு அப்புறம் கம்பி கண்ணுக்கே மெலிதாகத் தெரிகிறது, அங்கிருந்து கடைசிக் கம்பம் சுமார் 400 மீட்டர். டிரான்ஸ்ஃபார்மரில் டேப் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் படி) மாற்றினால் வோல்டேஜ் ஏறும் என்று ஒருவர் சொன்னார். அது போதுமா?

ஃபீடர்_22

அருமையாக எடுத்திருக்கிறீர்கள். இந்தத் தாள் ஒன்றே பாதி எஸ்டிமேட்.

230-ஐ அடிப்படையாக வைத்தால் தாழ்வழுத்தத்தில் ஆறு சதவீதம் மேலும் கீழும் அனுமதி, அதாவது 216 முதல் 244. டிரான்ஸ்ஃபார்மர் வாயில் மூன்று ஃபேஸும் அதற்குள் இருக்கின்றன. ஆகவே சப்-ஸ்டேஷனோ 11 கே.வி. லைனோ குற்றவாளி இல்லை. வாயிலேயே மூன்றும் சேர்ந்து 210 காட்டியிருந்தால்தான் மேலே தேட வேண்டும். உங்களிடம் ஆர் ஃபேஸ் வழியில் 32 வோல்ட்டைத் தின்கிறது. மெலிந்த கம்பி அநேகமாக வீசல் என்ற மெல்லிய வகை, சூட்டில் கிலோமீட்டருக்கு 1.1 ஓம் வரும். கடைசியில் 60 ஆம்பியர் இழுத்தால் 400 மீட்டருக்கு 26 வோல்ட், நியூட்ரலில் விழுவது தனி. கணக்கு ஒத்துப்போகிறது. அதே தூரத்துக்கு அதைவிடத் தடித்த ராபிட் கம்பி என்றால் 0.65 ஓம், 16 வோல்ட்டுக்குள் நிற்கும்.

டேப் வேண்டாம். அது கரண்ட்டை நிறுத்திக் கையால் மாற்றும் டேப், ஒரு படி இரண்டரை சதவீதம். இரண்டு படி ஏற்றினால் இரவு 196 என்பது 206 ஆகும், இன்னும் குறைவுதான். மதியம் 240 என்பது 252 ஆகும். அந்த நாலு வீட்டு சோலார் இன்வெர்ட்டரும் ஓவர்-வோல்டேஜ் காட்டி நிற்கக்கூடும், அவர்கள் தனியாகப் புகார் கொடுப்பார்கள்.

முதல் வேலை லோடைச் சமப்படுத்துவது. ஏ.சி. உள்ள ஒரு வீடு உச்ச நேரத்தில் 8 ஆம்பியர் என்றால், என் உத்தேசக் கணக்குப்படி ஒன்பது வீட்டை ஆரிலிருந்து பி-க்கு மாற்றினால் 358, 340, 357. ஒன்பதையும் வால் பகுதியிலிருந்தே எடுங்கள், அப்போதுதான் அங்கே விழும் வோல்டேஜும் குறையும். பொருள் செலவு கிடையாது, அரை நாள் ஷட்டவுன். மாதாந்திரப் பராமரிப்புக்கு எப்படியும் காலை 9 மணிக்கு நிறுத்துவார்கள், அன்றே கேளுங்கள். நியூட்ரல் லக்கையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் கை வைத்தால் சுழற்சி திசை பார்க்காமல் விடக்கூடாது.

இரண்டாவது, வால் பக்கம் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 70 வீட்டைப் பிரித்துக் கொடுத்தால் 84 கே.வி.ஏ., 100 போதும் என்று எஸ்டிமேட் போடுவார்கள். வருடம் எட்டு சதவீதம் ஏறினால் இரண்டாவது கோடையில் 98. மறுபடி இதே மனு. 250 கேளுங்கள். கட்டமைப்புக் கம்பங்கள், ஏ.பி. சுவிட்ச், எர்த்திங், ஆள் கூலி எல்லாம் இரண்டுக்கும் பெரிதாக வேறுபடாது.

மனுவில் "அடிக்கடி மின்தடை" என்று மட்டும் எழுதாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் பெயர், திறன், இணைப்பு எண்ணிக்கை, ஏழு நாள் அளவு, ஃபியூஸ் போன நேரங்கள், கம்ப எண். கூடவே உங்கள் தெருக்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும்: இரண்டு கிலோவாட் அனுமதி வாங்கிவிட்டு மூன்று ஏ.சி. ஓட்டுபவர்கள் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்கட்டும். ஆவணத்தில் 220 இணைப்பின் அனுமதிப் பளுவும் சேர்ந்து சிறிய எண்ணாகத் தெரியும்வரை, புது டிரான்ஸ்ஃபார்மருக்கு நியாயம் இல்லை என்றுதான் கோப்பு திரும்பும். பதில் வராவிட்டால் மின்னகத்தில் (மின்வாரியத்தின் புகார் மையம்) பதிவு எண் வாங்கி, பிறகு வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்.

கோபுரம்_765

இரண்டு பேரும் இரண்டு முனையைச் சொல்லிவிட்டார்கள். நடுவில் இருக்கும் சப்-ஸ்டேஷனையும் லைனையும் நான் சேர்க்கிறேன், திட்டமிடலில் அதிகம் தவறுவது அங்கேதான்.

ஒரு சப்-ஸ்டேஷனில் 16 எம்.வி.ஏ. (16,000 கே.வி.ஏ.) பவர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இருந்தால் அதன் திறன் 32 என்று எழுதுகிறோம். திட்டத்துக்கு அது 16தான். ஏனென்றால் ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். கோடையில் 26 எம்.வி.ஏ. ஓடும்போது ஒன்று டிரிப் ஆனால் மிச்சமுள்ளதன் மேல் 162 சதவீதம் விழும், ரிலே (பாதுகாப்புக் கருவி) அதையும் இறக்கிவிடும். இல்லையென்றால் ஆபரேட்டர் முந்திக்கொண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபீடர்களை (பகுதிகளுக்குப் போகும் 11 கே.வி. லைன்கள்) நிறுத்த வேண்டும். மாநிலத்தில் உபரி மின்சாரம் இருக்கும் நாளிலும் ஒரு பகுதி முழுக்க இரண்டு மணி நேரம் இருட்டில் கிடப்பது இப்படித்தான். 11 கே.வி. ஃபீடருக்கும் இதே: 200 ஆம்பியர் ஓட்டினால் 3.8 எம்.வி.ஏ., உங்கள் தெருவில் இருப்பது போன்ற 250 கே.வி.ஏ. முழு லோடில் பதினைந்து. பக்கத்து ஃபீடர் பழுதானால் அதன் பாதியைச் சுமக்க இடம் வேண்டும் என்றால் சாதாரண நாளில் 130-க்கு மேல் ஓட்டக்கூடாது. எங்கே இதைக் கடைப்பிடிக்கிறார்களோ அங்கே பழுது வந்தாலும் பதினைந்து நிமிடத்தில் மாற்று வழியில் கரண்ட் வரும்.

தேவையைக் கணிப்பதில் மூன்று பொறி உண்டு. முதலாவது, மீட்டரில் பதிவான உச்சத்தை அப்படியே எடுப்பது. அன்று ஃபீடர் நிறுத்தியிருந்தால் அந்த லோடு பதிவில் இருக்காது, அதைக் கூட்டிய பிறகுதான் உண்மையான தேவை. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் பாதி நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தன. அந்த ஆண்டின் பதிவை வைத்துக் கோடு இழுத்தவர் எவரும் தவறாகவே இழுத்திருப்பார். இரண்டாவது, கூரை சோலார். மதியம் ஃபீடரில் தெரிவது வீடுகளின் தேவை அல்ல, அதில் சோலார் கழிந்த மிச்சம். மேகம் மூடிய மதியம் மறைந்திருந்த முழுத் தேவையும் ஒரே நேரத்தில் வெளியே வரும். மூன்றாவது, விவசாய பம்புசெட். 20 லட்சத்துக்கு மேல் இலவச இணைப்பு, பெரும்பாலும் மீட்டர் இல்லை. ஐந்து குதிரைத்திறன் என்றால் 3.7 கிலோவாட். 20 லட்சத்தைப் பெருக்கினால் 7,400 மெகாவாட், மூன்றில் ஒன்று ஒரே நேரத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 2,500. இவ்வளவு பெரிய பங்கை மாதிரி மீட்டர்களை வைத்து உத்தேசிக்க வேண்டியிருக்கிறது. இலவசம் தொடரட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஃபீடரைப் பிரித்து அதன் தலையில் ஒரு மீட்டராவது வைக்காமல் எந்தக் கணிப்பும் நிற்காது.

அடுத்தது காலம். சோலார் பண்ணை ஓராண்டுக்குள் எழும்பிவிடும். அதை எடுத்துப்போகும் 400 கே.வி. லைனுக்கு இரண்டரை மூன்று ஆண்டு. சுமார் 46 மீட்டர் அகலத்தில் வழி வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் நில உரிமையாளரோடு இழப்பீடு பேச வேண்டும், ஒருவர் மறுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். நூறு கோபுரத்தில் 97 எழும்பி மூன்று நிற்காவிட்டால் லைன் பூஜ்யம்தான். 97 சதவீதம் முடிந்தது என்று அறிக்கையில் வருவதால் எந்தப் பயனும் இல்லை. தென்மாநில மின்தொகுப்பு தேசிய மின்தொகுப்போடு சேர்ந்தது 2013 டிசம்பர் 31-இல், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைனில். அதற்கு முன் வடக்கே மலிவாக மின்சாரம் கிடந்தும் கொண்டுவர வழி குறுகல். பிறகு ராய்கர்–புகளூர் 800 கே.வி. நேர்மின் லைன், 6,000 மெகாவாட். இன்று வெளியிலிருந்து மாநில எல்லைவரை கொண்டுவருவது பெரிய தடையல்ல. அங்கிருந்து 400/230, 230/110 டிரான்ஸ்ஃபார்மர்கள் வழியாக நகரத்துக்குள் இறக்குவதுதான் முட்டுகிறது. சென்னையைச் சுற்றி 230 கே.வி. சப்-ஸ்டேஷனுக்கு நாலைந்து ஏக்கர் கிடைக்காது. ஒரு ஏக்கரில் முடிகிற வாயு இன்சுலேஷன் வகைதான், செலவு கூடும். அந்த நிலத்தையாவது இன்றே ஒதுக்கி வைக்க வேண்டும். நூறு மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று வந்தால் அதற்கே ஒரு 230 கே.வி. நிலையம் வேண்டும், இரவும் பகலும் ஒரே மட்டத்தில் இழுக்கும்.

மணி_பதினெட்டு

கோபுரம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு சேர்க்கை. 2013–14-இல் போட்ட 15 ஆண்டு தனியார் ஒப்பந்தங்கள் 2028-ஐ ஒட்டி முடிகின்றன. உடன்குடி வருவதைக் கூடுதல் என்று எண்ணுபவர்கள் இந்தக் கழித்தலையும் போட வேண்டும்.

இரவுக்கு என் விருப்பம் நீரேற்று நிலையம். காடம்பாறை 400 மெகாவாட் நமக்கு 1980-களிலிருந்தே இருக்கிறது. மதிய சோலாரில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கலாம். குந்தாவில் 4 × 125 வேலை நடக்கிறது.

கோபுரம்_765

குந்தா வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மலைக்குள் சுரங்கம் வெட்டும் வேலை சொன்ன தேதியில் முடிந்ததில்லை. பேட்டரி ஒன்றரை ஆண்டில் நிற்கும். 500 மெகாவாட், இரண்டு மணி நேரம் என்றால் 10 லட்சம் யூனிட். 454 மில்லியனில் அது கால் சதவீதம்கூட இல்லை, ஆனால் வேண்டிய நேரம் 7-லிருந்து 9 என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அது ஒரு முழு அனல் அலகு. அதைவிட முக்கியம், எங்கே வைப்பது என்பது. தெற்கே கமுதியில் சோலார் பண்ணை பக்கத்தில் வைத்தால் மாலையில் அதே லைனில்தான் சென்னைக்கு வர வேண்டும், இங்கே முட்டுகிற டிரான்ஸ்ஃபார்மர் முட்டியபடியே இருக்கும். நகரத்து 110 கே.வி. சப்-ஸ்டேஷன் வளாகத்தில் 10, 20 மெகாவாட்டாகப் பிரித்து வைத்தால் மதியம் லைன் காலியாக இருக்கும்போது நிரப்பிக்கொண்டு இரவு அந்த 16 எம்.வி.ஏ.யின் பாரத்தை இறக்கும். மாநிலக் கணக்கும் சரியாகும், பகுதிக் கணக்கும் சரியாகும்.

மணி_பதினெட்டு

இடம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் இரவு இரண்டு மணி நேரத்தில் முடிவதில்லை. ஏ.சி. லோடு நள்ளிரவு தாண்டியும் நிற்கிறது. இரண்டு மணி நேர பேட்டரி 9 மணிக்குக் காலியானால் உங்கள் சப்-ஸ்டேஷன் 10.30-க்கு மறுபடி திணறும். நகரத்துக்குள் வைப்பதென்றால் நாலு மணி நேர அளவில் போடுங்கள், 8.30-க்கு மேல்தான் திறக்க வேண்டும் என்று அட்டவணையும் சேர்த்து எழுதுங்கள்.

தெருவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது வீடுகளின் பட்டியல் கம்ப எண்ணோடு எடுத்துவிட்டோம், வரும் பராமரிப்பு நாளில் மாற்றக் கேட்டிருக்கிறோம். புது டிரான்ஸ்ஃபார்மருக்கான மனுவில் 250 என்றே எழுதியிருக்கிறோம். கூடுதல் பளுவுக்கு இதுவரை 31 வீட்டார் விண்ணப்பித்திருக்கிறார்கள். மாற்றியபின் மறுபடி ஏழு நாள் அளவெடுத்து இங்கே போடுகிறேன்.

ஃபீடர்_22

போடுங்கள். அளவெடுக்கும்போது அதே மூன்று வீடு, அதே மீட்டர், அதே நேரம். மழை பெய்த இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவற்றைச் சேர்த்தால் சராசரி உங்களை ஏமாற்றும்.